ஜங்ஷன் கிளைக்கு வந்த பெரிய கப்புகள்

போர்டில் ஒரு நீளமான பெயர் எழுதியிருக்கும். அதை யாரும் வாயால் சொன்னதில்லை. விருத்தாசலத்தில் அது ஜங்ஷன் ஓட்டல், அவ்வளவுதான். மெட்ராஸிலும் விழுப்புரத்திலும் திருச்சியிலும் அதே பெயரில், அதே பச்சை எழுத்தில் ஓட்டல்கள் இருந்தது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. துபாய்க்குப் போகிற பிள்ளையை வழியனுப்ப மங்கலம்பேட்டையிலிருந்து மெட்ராஸ் போன ஒரு குடும்பம், அங்கே அந்த போர்டைப் பார்த்துவிட்டு, "நம்ம ஜங்ஷன் ஓட்டல்காரன் இங்கயும் வந்து கடை போட்டுட்டான் பாரு" என்று பெருமைப்பட்டதாம். எனக்கும் அதுதான் எண்ணம். தலைமைக் கிளை எந்த ஊரில் இருந்தால் எனக்கென்ன? என் கல்யாணத்துக்குச் சாம்பார் இறக்கியது எங்கள் கிளைதான். அதிலும் இறக்கியவர் மாப்பிள்ளையே. முகூர்த்தத்துக்கு ஆளைக் காணோம் என்று தேடினால், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டலை ஆரம்பித்த பெரிய முதலாளி ஐம்பதுகளில் ரயில் பாதையைப் பார்த்துத்தான் கிளைகளைத் திறந்தார் என்பார்கள். எந்த ஸ்டேஷனில் வண்டி அதிக நேரம் நிற்கிறதோ அந்த ஊரில் ஒரு கிளை. எங்கள் ஊரில் பாதை நாலு பக்கமும் பிரிகிறது, இஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும், வண்டி மாறுகிறவர்கள் மூட்டை முடிச்சோடு காத்துக் கிடப்பார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? எல்லாக் கிளைக்கும் ஒரே அச்சு. பளிங்குப் பலகை போட்ட தேக்கு மேஜை, இடுப்பு உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், கை கழுவுகிற இடத்தில் ஆள் உயரக் கண்ணாடி, பெண்கள் உட்கார மரத்தடுப்பு வைத்த ஃபேமிலி ரூம். சாம்பார் பொடியை மட்டும் எந்தக் கிளையும் அரைக்கக்கூடாது. அது மெட்ராஸில் அரைத்து, டின்னில் அடைத்து, வாரா வாரம் பார்சலில் வந்து இறங்கும். எங்கே சாப்பிட்டாலும் ருசி மாறக்கூடாது என்பது பெரிய முதலாளியின் சட்டம். பொடி மெட்ராஸாக இருந்தாலும் தண்ணீர் எங்கள் தண்ணீர் அல்லவா? மற்ற கிளைகளில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் சாம்பாருக்கு ஒரு கரண்டி அதிகம் கேட்பார்கள். இதை நான் சொன்னால் புருஷன் பெருமை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனபோது அவர் அங்கே சரக்கு மாஸ்டர். நான் செராமிக் யூனிட்டில் கப்புகளுக்குப் பிடி ஒட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் சுடாத பச்சைக் கப்பில் ஈரம் காயவும் கூடாது, சொதசொதவென்று இருக்கவும் கூடாது. அந்தப் பதத்தில் பிடியை வைத்து ஒரு அழுத்து, ஈரத் துணியால் ஒரு துடைப்பு. கோணலாக வைத்தால் சூளையில் வெடித்துவிடும். என் பிடி வெடிக்காது. எங்கள் தெருவே பானையும் ஓடும் செய்கிற தெரு, சிறு வயதிலிருந்து மண்ணில் கிடந்த கை இது. ஆனால் மாதம் பிறந்தால் கையில் சம்பளம், தலைக்கு மேல் ஃபேன், பேச்சுத் துணைக்கு வரிசையாகப் பெண்கள் என்று இருந்தது யூனிட்டில்தான். எனக்கு அந்த வேலை உயிர். காலையில் அவரோடு சைக்கிளில் ஏறி ஓட்டல் வாசலில் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு, அங்கிருந்து யூனிட்டுக்கு நடந்து போவேன். ராணி மாதிரி இருந்தேன் போங்கள்.

தொண்ணூறு பிறந்த பிறகு இதற்கு ஒரு ஆபத்து வந்தது. பெரிய முதலாளி ஓய்ந்து, மகன் பொறுப்புக்கு வந்தார். சின்ன முதலாளிக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும், காரில் போகிறவர். ரயில் கூட்டம் குறைந்துவிட்டது, எல்லோரும் பஸ்ஸில் போகிறார்கள், ஜங்ஷன் பக்கத்துக் கிளைகள் எதற்கு என்று கேட்டாராம். இரண்டு கிளையை மூடியும் விட்டார். அடுத்தது நாங்கள் என்று பேச்சு அடிபட்டது. எங்கள் கிளையில் ரயில் கூட்டம் குறைந்ததே தவிர கூட்டம் குறையவில்லை. மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை போட வருகிற கருவேப்பிலங்குறிச்சி விவசாயிகளும், சுரங்கத்துக்கு நிலம் போகிற விஷயமாக ஆபீஸ் ஆபீஸாக அலைந்துவிட்டு மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வருகிற கம்மாபுரத்துக்காரர்களும் எங்களிடம்தான் சாப்பிட்டார்கள். இதையெல்லாம் மெட்ராஸில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் சொல்வது?

கிளையை மூடினால் மாஸ்டர்களை மெட்ராஸ் கிளைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதாவது என் வீட்டுக்காரருக்கு வேலை இருக்கும், எனக்கு இருக்காது. இந்தச் சின்ன விஷயம் யார் கண்ணுக்கும் படவில்லை. என் அம்மா மெட்ராஸில் தண்ணீர்க் கஷ்டம் என்று குடம் வாங்கி வைத்தார். யூனிட்டில் எனக்குப் பதில் யாரைப் போடலாம் என்றுகூடப் பேசிவிட்டார்கள். வீட்டில் நான் குதித்தேன்.

"நான் வர மாட்டேன். நீங்க போயி அங்க கெடங்க. நான் இங்க கப்பு ஒட்டிக்கினு இருக்கேன்."

"பாக்கலாம்" என்றார்.

"என்னத்தப் பாக்கலாம்?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான்."

அவர் பேச்சு அவ்வளவுதான். ஓட்டலில் முதலாளி பெயரைச் சொன்னாலே தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு வந்துவிடும். அந்த மனிதர் எனக்காக வாய் திறப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாசிமகம் முடிந்த பிறகு சின்ன முதலாளி மனைவியோடு கிளையைப் பார்க்க வருகிறார், பார்த்துவிட்டு முடிவு சொல்லுவார் என்று தகவல் வந்தது. எங்கள் மேனேஜர் உள்ளூர்க்காரர், ஓடு சுடுகிற குடும்பத்தில் பெண் எடுத்தவர். அவருக்கு ஒரு யோசனை உதித்தது. விழுப்புரத்துக் கிளைக்குப் போன சின்ன முதலாளி, இன்னும் எதற்கு டம்ளர் டவரா, கப்பில் கொடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். பீங்கான் செய்கிற ஊரில் இருந்துகொண்டு நாமே முதலில் கப்பில் கொடுத்தால் ஆள் மயங்கிவிட மாட்டாரா? கப்பின் படத்தையும் அளவையும் ஒரு தாளில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"அண்ணே, நம்ம டம்ளரு புடிக்கிறதுதான் இது புடிக்கணும், இல்ல?" என்று கேட்டேன்.

"அதேதான் தங்கச்சி. எல்லாம் பாத்துத்தான் போட்டுருக்கேன்."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மண் சுட்டால் சுருங்கும். இது மற்ற ஊர்களில் படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம், எங்கள் ஊரில் பிறக்கும்போதே தெரியும். விருத்தாசலத்துக்காரரிடம் ஒரு அளவைக் கொடுத்தால், அவர் கை தானாகவே சுருக்கத்துக்கு என்று கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். மேனேஜர் எல்லாம் பார்த்துப் போட்டிருக்கிறேன் என்றாரே, அது இதைத்தான். எனக்கு அது எப்படித் தெரியும்? ஓட்டல்காரருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்து நானும் சுருக்கத்துக்குச் சேர்த்துப் புதுத் தாளில் எழுதி, எங்கள் யூனிட்டில் மோல்டு, அதாவது கப்புக்கு அச்சு செய்கிற அண்ணனிடம் கொடுத்தேன். அவரோ எந்தத் தாளையும் நம்பாதவர். பிடி ஒட்டுகிற பெண்ணுக்கு அளவு என்ன தெரியும் என்று அவர் பங்குக்கு அவரும் சேர்த்துவிட்டார். மூன்று பேரும் மற்ற இரண்டு பேரையும் விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்தோம். மூன்று பேருமே விவரமானவர்கள், அதனால்தான் வந்தது வினை.

மோல்டிலிருந்து பச்சைக் கப்பு வெளியே வந்தபோது பெரிதாகத்தான் இருந்தது. பிடி ஒட்டுகிற இடத்தில் பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

"என்னாடி இது, கப்பா குண்டானா?"

"சுட்டா சுருங்கும்" என்றேன்.

முதல் சூளை முடிந்தது. கொஞ்சம் சுருங்கியிருந்தது, ஆனாலும் பெரிது. "கிளேஸ் போட்டு ரெண்டாவது சூளை இருக்குது இல்ல, அதுல சுருங்கும்" என்றார் மோல்டு அண்ணன். நல்ல பாலாடை நிறத்தில் பளபளவென்று கிளேஸ் பூச்சுப் போட்டு, வாய்ப்பக்கம் ஓட்டல் போர்டின் பச்சையில் ஒரு கோடு ஓட்டி, இரண்டாவது சூளையும் வைத்தாயிற்று. முதலாளி வருவதற்கு முதல் நாள் சூளையைத் திறந்தோம். கோழிக்குஞ்சு இறங்கிக் குளிக்கலாம், அப்படி இருந்தது ஒவ்வொன்றும். எங்கள் யூனிட்டில் அதுவரை அவ்வளவு அழகான கப்பு வந்ததில்லை, அவ்வளவு பெரிய கப்பும் வந்ததில்லை. எல்லோரும் சுற்றி நின்று வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, மோல்டு அண்ணன் மட்டும் அசரவில்லை.

"இன்னும் சூடு ஆறல. ஆறினா எறங்கும்" என்றார்.

ஆறியது. இறங்கவில்லை.

மறுநாள் காலையில் வைக்கோல் சுற்றி, வண்டியில் ஏற்றி, லீவு போட்டுவிட்டு நானே கப்புகளோடு ஓட்டலுக்குப் போனேன். மோல்டு அண்ணனும் கூட வந்தார். மேனேஜர் ஒரு கப்பைக் கையில் எடுத்தார். முகம் செத்துப்போயிற்று.

"என்னாம்மா இது? நான் சுருக்கத்துக்குச் சேத்துல்ல குடுத்தேன்?"

"நீங்க சேத்தீங்களா? நானும்ல சேத்தேன்" என்றேன்.

மோல்டு அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. நானும் சேத்துட்டேன்."

எனக்கு அழுகை வர வேண்டிய நேரம். சிரிப்பு வந்துவிட்டது. மூவரும் ஆளுக்கொரு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகுதான் மேனேஜருக்கு ஞாபகம் வந்தது, டம்ளர் டவரா அத்தனையையும் சாக்கில் கட்டி முந்தின நாள் பார்சலில் விழுப்புரத்துக் கிளைக்கு அனுப்பிவிட்டார். புதுக் கப்பு வருகிற தைரியம். இப்போது எங்களிடம் இருந்தது இந்த அண்டாக்கள்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

கார் வந்து நின்றது. சின்ன முதலாளி சட்டைக் கை மடிப்புக்கூடக் கலையாமல் இறங்கினார். அந்த அம்மா எலுமிச்சை நிறப் பட்டுப் புடவையில் நல்ல பசியோடு வந்திருந்தார். இருவரும் ஃபேமிலி ரூமில் உட்கார்ந்தார்கள். நான் சமையலறை வாசலில் சுவரோடு சுவராக நின்றேன். என் வாழ்க்கை அந்த மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது.

காபி மாஸ்டர் வழக்கமான அளவுக்குக் காபி ஊற்றினார். கப்பின் அடியில் எங்கேயோ கிடந்தது.

"இத எடுத்துக்கினு போனா என்ன வேலைய வுட்டே அனுப்பிடுவாரு" என்றார் சப்ளையர்.

"ரொப்பு" என்றார் மேனேஜர். "கழுத்து வரைக்கும் ரொப்பு."

சின்ன முதலாளி கப்பை இரண்டு கையாலும் தூக்கினார். வைத்தார். மறுபடி பார்த்தார்.

"இது ஒருத்தருக்கா?"

"ஆமாங்க முதலாளி. எங்க ஊரு பழக்கங்க."

"இப்படி ஊத்தினா இந்தக் கிளைய நான் எதுக்கு மூடணும்? நீங்களே மூடிடுவீங்க."

மேனேஜரின் கை பிசைகிற சத்தம் எனக்குக் கேட்டது. இத்தோடு முடிந்தது, மெட்ராஸுக்கு அம்மா வாங்கிய குடத்தைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வேறொரு தொல்லை கொடுத்தார். அவருக்குக் காபி வேண்டாம், இட்லி வேண்டும். இட்லியைவிடச் சாம்பார் வேண்டும். ஊற்றச் சொன்னார், பிசைந்தார், இன்னும் ஊற்றச் சொன்னார். ஓட்டலின் தட்டு தட்டையானது. சாம்பார் ஓரத்துக்கு ஓடி, மேஜையில் வழிந்து, எலுமிச்சை நிறப் பட்டில் ஒரு சொட்டு. சப்ளையர் வாளியோடு சிலையாகி நின்றார்.

என் வீட்டுக்காரர் உள்ளிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கப்பை எடுத்தார். ஒரு இட்லியை உள்ளே வைத்தார், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மேலே இன்னொன்று. கொதிக்கிற சாம்பாரை இட்லி முழுகுமளவுக்கு ஊற்றி, பொடியாக அரிந்த வெங்காயம், ஒரு கரண்டி நெய், கொத்தமல்லி. ஒரு ஸ்பூனைக் குத்தி வைத்து, துண்டை இடுப்பில் கட்டியபடி அவரே வெளியே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஹாலுக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

"இதுல சாப்புடுங்கம்மா. வழியாது."

முதலாளியம்மா கப்பைப் பிடியோடு தூக்கினார். உள்ளே கொதித்தாலும் பிடி சுடவில்லை. அந்தப் பிடி நான் ஒட்டியது, சொல்லாமல் விட முடியுமா? ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பிறகுதான் நிமிர்ந்தார்.

"என்ன இது, கிணத்துல குதிச்ச இட்லியா?" என்று சிரித்தார். "ஏங்க, அந்தக் காபியை வச்சிட்டு இதைச் சாப்பிட்டுப் பாருங்க."

சின்ன முதலாளி சாப்பிட்டார். வழித்துச் சாப்பிட்டார். அதற்குள் வெளி ஹாலில், கமிட்டியில் மூட்டை போட்டுவிட்டு வந்திருந்த கருவேப்பிலங்குறிச்சிப் பெரியவர் ஒருவர், தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டார்.

"தம்பி, அந்தம்மா துன்றாங்களே, அது எனக்கு ஒண்ணு குடு."

அதன் பிறகு யாரும் தட்டில் கேட்கவில்லை. அந்த மேஜையில் பார்த்து இந்த மேஜையில், இந்த மேஜையில் பார்த்து வாசலில் நின்றவர்கள். கப்புகளைக் கழுவக் கழுவப் போதவில்லை, நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு கழுவினேன். மோல்டு அண்ணன் மூன்றாவது கப்பைக் காலி செய்துவிட்டு, அளவு சரியாகத்தான் வந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

சின்ன முதலாளி மேனேஜரைக் கூப்பிட்டு, யார் இந்தக் கப்பைச் செய்தது என்று கேட்டார். நான் ஈரக் கையோடு போய் நின்றேன்.

"இவ்வளவு பெருசா யார் செய்யச் சொன்னது?"

"டம்ளரு அளவுதாங்க கேட்டாங்க முதலாளி. எங்க ஊரு மண்ணு கொஞ்சம் தாராளம்" என்றேன்.

முதலாளியம்மா சிரித்த சிரிப்பில் அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. கிளை இருக்கட்டும் என்றார். எல்லாக் கிளைக்கும் இதே கப்பு வேண்டும் என்றார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. அப்போது சின்ன முதலாளி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்க மெட்ராஸுக்கு வந்துடுங்க. ஹெட் ஆபீஸ் கிளையில நீங்கதான் இனி. வீடும் குடுக்கறேன். அடுத்த மாசம் கிளம்புங்க."

கிளை பிழைத்துவிட்டது, நான்தான் மாட்டிக்கொண்டேன். சுற்றி நின்றவர்களெல்லாம் அவருக்குக் கை கொடுக்கத் தயாரானார்கள். யார் வேண்டாம் என்பார்கள், எவ்வளவு பெரிய இடம். அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்தார்.

"முடியாதுங்க முதலாளி" என்றார்.

"ஏன், என்ன கஷ்டம்?"

"எம் பொண்டாட்டி வேல இங்க இருக்குதுங்க. அவள வுட்டுட்டு நான் எப்படிங்க வர்றது? மத்த மாஸ்டருங்கள இங்க அனுப்புங்க, கத்துக் குடுக்கறேன்."

புருஷனுக்கு மாற்றல் வந்தால் பெண்டாட்டி சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்புவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா அப்படிப் போனாள், யூனிட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்படிப் போனார்கள். பெண்டாட்டிக்கு இங்கே வேலை இருக்கிறது, அதனால் நான் வரவில்லை என்று ஒரு ஆண்பிள்ளை சொல்லி அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அதுவும் நாலு பேர் நடுவில், முதலாளி முகத்துக்கு நேராக. "மாஸ்டர் சொல்றது சரிதானே" என்று அந்த அம்மா கப்பில் மிச்சமிருந்ததை வழித்தார். நான் சமையலறைக்குள் போய், அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

சாயங்காலம் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும்போது மெல்ல வம்புக்கு இழுத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்படிங்க முதலாளிகிட்ட அப்படிச் சொன்னீங்க? நான் மெட்ராஸுக்கு வரேன்னு சொல்லியிருந்தா?"

"கேட்டா நீ அரை மணி நேரம் பேசுவ. முதலாளி நின்னுக்கினு இருந்தாரு" என்றார்.

வீடு போய்ச் சேருகிற வரைக்கும் நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் சிரித்துக்கொண்டே மிதித்தார்.